இணை விண்ணப்பதாரரின் கையெழுத்து

வீட்டைச் சீரமைக்கக் கடன் வாங்கலாமா என்று நிதி ஆலோசகரிடம் கேட்டால் முதலில் ஒரு கோடு கிழிப்பார். கோட்டுக்கு இந்தப் பக்கம் தேவை, அந்தப் பக்கம் ஆசை. ஒழுகும் தளத்தை அடைப்பது தேவை. மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், வாசலில் கிரானைட் எல்லாம் ஆசை. தேவைக்குக் கடன் வாங்கு, ஆசைக்குச் சேர்த்து வை. ஆறு மாதச் செலவுக்குக் கையில் காசு இருக்கட்டும். நல்ல அறிவுரைதான். அண்ணா நகரில் இதைக் கேட்டு உருப்பட்டவர்கள் நிறைய பேர் இருப்பார்கள்.

கொடுங்கையூரில் இந்தக் கோடு செல்லாது. இங்கே தெரு உயர்ந்துவிட்டது, அதனால் தரையை ஏற்றுகிறார்கள். சாக்கடை எதிர்த்து வருகிறது, அதனால் கக்கூஸை மேலே தூக்கிக் கட்டுகிறார்கள். புகை வருகிறது, அதனால் ஜன்னலைக் கண்ணாடி போட்டு அடைக்கிறார்கள். அடைத்ததும் புழுங்குகிறது, அதனால் தவணையில் ஏ.சி. வாங்குகிறார்கள். ஏ.சி. வந்ததும் கரண்ட் பில் வருகிறது, அதற்கு அதனால் என்று சொல்ல ஒன்றும் இல்லை, கட்டித்தான் ஆகவேண்டும். இதில் எதைத் தேவையில் சேர்ப்பது, எதை ஆசையில் சேர்ப்பது? யாரோ செய்த சேதத்துக்கு இவர்கள் கட்டுகிற அபராதம் இது. அதையும் கடன் வாங்கி, வட்டி போட்டுக் கட்டுகிறார்கள்.

அபராதம் கட்டக் கடன் வாங்கலாமா என்ற கேள்வி எந்த ஆலோசகரின் புத்தகத்திலும் இல்லை. ஆகவே எருக்கஞ்சேரி, மூலக்கடை, முத்தமிழ் நகர், எழில் நகர் வாசிகள் யாராவது வங்கிப் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தால், அவர்களுக்குப் பயன்படட்டும் என்று கட்டம் கட்டமாகச் சில குறிப்புகள்.

கட்டம் 1: முகவரி

பெரும்பாலானவர்களுக்குப் பரீட்சை இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். 600118 என்று எழுதியதும் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகத்தைக் கவனியுங்கள். நல்ல பிள்ளையாகத்தான் இருப்பான். கம்ப்யூட்டரை ஒரு தட்டுத் தட்டுவான், குரலைத் தாழ்த்திக்கொள்வான். “சார், தப்பா எடுத்துக்காதீங்க, ஏரியா கொஞ்சம் நெகட்டிவ்ல வருது.” வட சென்னையில் கிரெடிட் கார்டுக்கோ கடனுக்கோ போய் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் திரும்பிய குடும்பங்கள் குறைவு. உங்கள் சிபில் மதிப்பெண் 900க்கு 800 ஆக இருக்கலாம். உங்கள் தெருவின் மதிப்பெண்ணை யாரோ வேறொரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த மதிப்பெண்ணைக் குறைத்தது யார்? சென்னையின் குப்பையில் ஏறத்தாழப் பாதி நாற்பது ஆண்டுகளாக இங்கேதான் வந்து விழுகிறது. மலையாகிவிட்ட அந்தப் பழைய குப்பைக்கு மாநகராட்சியே கணக்கு வைத்திருக்கிறது: 252 ஏக்கர், 66.52 லட்சம் டன். அண்ணா நகர்க்காரர் நிதி ஆலோசகரின் சொல் கேட்டு முறையாகச் சேமித்து மாடுலர் கிச்சன் மாட்டினார் அல்லவா? அந்த அடுப்பு வந்த அட்டைப்பெட்டி, தெர்மோகோல், பிய்த்துப் போட்ட பழைய அலமாரி எல்லாம் லாரி ஏறி வந்து சேரும் ஊர் எது என்று நினைக்கிறீர்கள்? நகரத்தில் இடித்த கட்டடங்களின் கல்லையும் மண்ணையும் பதப்படுத்த மாநகராட்சி இரண்டு ஆலைகள் வைத்தது. ஒன்று பெருங்குடியில், இன்னொன்று இங்கே. அவர்கள் வீடு அழகானால் நம் ஊரின் உயரம் கூடும். கூடிய உயரத்தைப் பார்த்துவிட்டு வங்கி நம் மதிப்பைக் குறைக்கும்.

மறுத்தால் சண்டை போடாதீர்கள். “காரணத்தை எழுதிக் கொடுங்க தம்பி” என்று மட்டும் கேளுங்கள். கடனை மறுக்கும் வங்கி காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதிகள் சொல்கின்றன. ‘உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து குப்பை கொட்டியிருக்கிறோம், அதனால் கடன் கிடையாது’ என்று லெட்டர்ஹெட்டில் அடித்துக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். ஃபிரேம் போட்டு மாட்டலாம். சுவரில் ஓதம் ஏறிய இடத்தை மறைக்கவாவது உதவும்.

கட்டம் 2: கடனின் நோக்கம்

இதற்கு அரை அங்குல இடம் விட்டிருப்பார்கள். “ரிப்பேர்” என்று எழுதினால் எளிதாக முடிந்துவிடும். ஆனால் உண்மையை எழுத வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் தனித்தாள் இணைக்க வேண்டியிருக்கும்.

பழைய தெருக்களில் வீடு கட்டியபோது வாசலுக்கு ஏற மூன்று படி வைத்திருப்பார்கள். தெருவுக்கு ஒருமுறை தார் போட்டார்கள், ஒரு படி போயிற்று. அடுத்த தேர்தலுக்கு இன்னொரு முறை போட்டார்கள், இரண்டாவது படியும் போயிற்று. அப்புறம் தெருவும் வாசலும் சமம். அதற்கும் அப்புறம் தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டும். மழை வந்தால் தண்ணீரும் அதே வழியில் இறங்கும். பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். கண்ணியமான உத்தரவு. அதற்கு முன்பே புதைந்த படிகளைத் தோண்டி எடுத்துத் தர அந்த உத்தரவில் வழியில்லை. அதற்குப் பிறகு எத்தனை தெருவில் சுரண்டினார்கள் என்பதை அவரவர் வாசலில் நின்று பார்த்துக்கொள்ளலாம்.

மேஸ்திரி வருவார். “அண்ணே, ரெண்டடி ஏத்திட்டா பத்து வருசத்துக்கு கவலை இல்ல” என்பார். ராபிஷ் கொட்டி, தண்ணீர் விட்டு இறுக்கி, மேலே காங்கிரீட் போடுவார். தரை இரண்டடி ஏறும். ஆனால் தளம் ஏறாது. ஃபேன் தலைக்கு வரும், கதவின் கீழ்ப்பகுதியை அறுக்க வேண்டும், ஜன்னல் முழங்காலுக்கு இறங்கிவிடும், பிளக் பாயிண்ட் எல்லாம் தரைக்குள் போய்விடும். பின்னே தளத்தையும் தூக்க வேண்டாமா என்ற பேச்சு வரும். அல்லது வீட்டுக்கு அடியில் வரிசையாக ஜாக்கி கொடுத்து மொத்தமாக நிமிர்த்தும் ஆட்களின் விசிட்டிங் கார்டு கைக்கு வரும். இரண்டு லட்சம் என்று ஆரம்பித்த எஸ்டிமேட் ஆறு லட்சத்தில் நிற்கும். வேலை முடிந்த மறு வருடம் தெருவுக்குப் புதுத் தார் போடப் பூஜை நடக்கும். தேங்காய் உடைக்க உங்களைத்தான் கூப்பிடுவார்கள், போய் வாருங்கள்.

கட்டம் 3: சொத்தின் பூர்வீகம்

தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா கேட்பார்கள். பூர்வீகம் என்று கேட்டுவிட்டதால் கொஞ்சம் பழங்கதை சொல்லலாம்.

1977ஆம் ஆண்டு உலக வங்கி சென்னைக்குக் கடன் கொடுத்தது. சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் என்று பெயர். ராபர்ட் மெக்நமாரா உலக வங்கியின் தலைவராக இருந்த காலம். ஏழைகளுக்கு முழு வீடு கட்டிக் கொடுக்க எந்த அரசாங்கத்தாலும் முடியாது, மனையும் தண்ணீரும் கழிப்பிடமும் கொடுத்தால் போதும், மிச்சத்தைக் கையில் காசு சேரச் சேர அவர்களே கட்டிக்கொள்வார்கள் என்பது அந்தத் திட்டத்தின் தத்துவம். அதன்படி அரும்பாக்கத்திலும் வில்லிவாக்கத்திலும் கொடுங்கையூரிலும் மனைகள் பிரித்தார்கள். ஆக, வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீரமைப்பது கொடுங்கையூர்க்காரரின் கெட்ட பழக்கம் இல்லை. வாஷிங்டனில் யோசித்து, அரசாங்கமே கடன்பட்டு, இவருக்கு ஒதுக்கிக் கொடுத்த வாழ்க்கைமுறை அது.

அவரும் சொன்னபடி செய்தார். ஓலையை ஓடாக்கினார், ஓட்டைத் தளமாக்கினார், மகனுக்குக் கல்யாணம் என்றதும் மாடி போட்டார். ஒப்பந்தத்தில் தன் பங்கை இம்மியும் பிசகாமல் நிறைவேற்றினார். மறுதரப்பு என்ன செய்தது? குடியிருப்புக்கு மனை பிரித்துக் கொடுத்த அதே ஊரில் குப்பையைக் கொட்டியது. நகரத்தின் சாக்கடையைக் கொண்டுவந்து இங்கே சுத்திகரித்தது. 2019 முதல் அந்தச் சுத்திகரித்த நீரை இன்னும் வடிகட்டி, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வரை தரக்கூடிய ஆலையிலிருந்து மணலித் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் அனுப்புகிறது. ஊரார் கழிவு நம்மிடம் வரும். நல்லதானதும் மணலிக்குப் போய்விடும். நமக்குக் கேன் தண்ணீர். இந்த வரலாற்றை எல்லாம் கேட்டுவிட்டு வங்கி வக்கீல் சொல்வார்: “மாடிக்கு அப்ரூவல் பிளான் இருக்கா?”

கட்டம் 4: தொகை, வட்டி, தவணை

இங்கேதான் கவனம் வேண்டும். வீட்டுச் சீரமைப்புக்கென்றே வங்கிகளில் தனிக்கடன் உண்டு. வட்டி வீட்டுக் கடனை ஒட்டியே இருக்கும். ஆனால் பத்திரம், பட்டா, அனுமதி பெற்ற வரைபடம், எஞ்சினியர் எழுதிய எஸ்டிமேட் என ஒரு மூட்டை காகிதம் வேண்டும். முன் கட்டத்தில் வக்கீல் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாதவர்கள் அங்கிருந்து தனிநபர் கடனுக்குத் தள்ளப்படுவார்கள்.

3 லட்சம் ரூபாயை 14 சதவீதத்தில், குறையும் நிலுவை முறையில், ஐந்து வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 6,980 ரூபாய். கடைசியில் கட்டி முடிப்பது சுமார் 4 லட்சத்து 19 ஆயிரம். அதே 14 சதவீதத்தை ‘ஃபிளாட்’ என்று சொன்னால் தவணை 8,500, மொத்தம் 5 லட்சத்து 10 ஆயிரம். இரண்டு பேரும் 14 என்றுதான் சொல்வார்கள், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். ஃபிளாட்டா, குறையும் நிலுவையா என்று கேட்காமல் எங்கும் கையெழுத்துப் போடாதீர்கள். பிராசஸிங் ஃபீஸையும் தலையில் கட்டுகிற இன்ஷூரன்ஸையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். நீங்கள் செத்துப்போனால் வங்கிக்கு நஷ்டம் வராமல் காக்கிற ஏற்பாடு அந்த இன்ஷூரன்ஸ். வெள்ளம் வந்தால் வீட்டைக் காக்கும் என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

வங்கியே வேண்டாம் என்பவர்களுக்கு வாசலுக்கே வருவது தண்டல். 10,000 என்று பேசி, 1,500ஐ முன்னாலேயே பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார். நூறு நாள், நாளுக்கு நூறு ரூபாய். கேட்கக் காதுக்கு இனிமை. ஆண்டுக் கணக்கில் போட்டுப் பார்த்தால் 120 சதவீதத்துக்கு மேல் வரும். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்க 2025இல் இன்னொரு சட்டமும் வந்தது. இரண்டு சட்டங்களும் நன்றாக இருக்கின்றன. தண்டல்காரரும் நன்றாக இருக்கிறார்.

இப்போது இன்னொரு கடனாளியைப் பார்ப்போம். அவரும் கொடுங்கையூரைச் சீரமைக்கத்தான் கடன் வாங்கினார். பெருநகர சென்னை மாநகராட்சி, கொடுங்கையூர்க் குப்பைமேட்டை அகழ்ந்து நிலத்தை மீட்கும் திட்டத்தில் தன் பங்குக்காக 200 கோடி ரூபாய்க்கு நகர நிதிப் பத்திரம் வெளியிட்டது. 2025 மே மாதம் தேசியப் பங்குச் சந்தையில் அதைப் பட்டியலிட்டபோது முதலமைச்சரே மணி அடித்துத் தொடங்கி வைத்தார். கேட்டதைவிட அதிகமாகவே பணம் கொடுக்க ஆள் வந்தது. வட்டி எவ்வளவு தெரியுமா? 7.97 சதவீதம்.

கவனியுங்கள். இடம் கொடுங்கையூர். வேலை சீரமைப்பு. காரணம் குப்பை. குப்பையைக் கொட்டியவர் கடன் கேட்டால் மணி அடிக்கிறார்கள், 7.97க்குத் தருகிறார்கள், வரிசையில் நின்று தருகிறார்கள். குப்பைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் கேட்டால் ஏரியா நெகட்டிவ், 14. உங்கள் 3 லட்சத்தை மாநகராட்சியின் வட்டிக்கு உங்களுக்குக் கொடுத்திருந்தால் ஐந்து வருடத்தில் வட்டி சுமார் 65 ஆயிரம் ஆகியிருக்கும். இப்போது சுமார் 1 லட்சத்து 19 ஆயிரம். நடுவில் இருக்கும் 54 ஆயிரம் ரூபாய் முகவரிக் கட்டணம்.

கட்டம் 5: பிணை

பிணையாக என்ன தருவீர்கள் என்பார்கள். வீட்டம்மாவின் கழுத்தைப் பார்க்காதீர்கள். அங்கே மஞ்சள் கயிறுதான் மிச்சம், போன மழைக்கே எல்லாம் அடகுக்கடை போயாயிற்று. 2.5 லட்சம் வரையிலான நகைக்கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி 2025இல் தளர்த்தியிருக்கிறது. தளர்த்தியதைக் கேட்டுச் சந்தோஷப்பட நகை வேண்டும்.

ஆனால் உங்களை அறியாமலேயே நீங்கள் ஏற்கெனவே ஒரு பிணை கொடுத்திருக்கிறீர்கள். மாநகராட்சி தன் கடனை எதை வைத்து அடைக்கும்? அதன் சொந்த வருமானத்தில் பெரிய தூண் சொத்து வரி. 2022 ஏப்ரலில் அந்த வரியை வீட்டின் பரப்பைப் பொறுத்து 150 சதவீதம் வரை உயர்த்தினார்கள். நீங்கள் கடன் வாங்கி மாடி போட்டால் பரப்பு கூடும், பரப்பு கூடினால் வரி கூடும், வரி கூடினால் அந்தப் பணத்தில் மாநகராட்சி தன் வட்டியைக் கட்டும். குப்பையைக் கொட்டியதற்கு வாடகை வரவில்லை. கொட்டிய குப்பையை அள்ளுவதற்கான தவணை மட்டும் உங்கள் வீட்டு நம்பருக்கு வருகிறது. ஒரு கொடுங்கையூர்க்காரர் இரண்டு கடன்களுக்கு ஒரே நேரத்தில் வட்டி கட்டுகிறார். ஒன்று தன் தரையை உயர்த்த, இன்னொன்று அவர்கள் மேட்டைத் தாழ்த்த.

கட்டம் 6: ஏற்கெனவே உள்ள கடன்கள்

உண்மையை மறைத்தால் குற்றம். எனவே உங்கள் பெயரைச் சொல்லி மற்றவர்கள் வாங்கியதையும் எழுதிவிடுங்கள். 1977இல் உலக வங்கி. 2021இல் கொசஸ்தலையாற்று வடிநிலத்துக்கு மழைநீர் வடிகால் அமைக்க ஆசிய வளர்ச்சி வங்கியிடம் 25.1 கோடி டாலர். 2025இல் நிதிப் பத்திரம். இவை போக, கடன் கணக்கில் வராத ஒரு வாக்குக் கணக்கும் உண்டு: வட சென்னை வளர்ச்சித் திட்டம். 2023இல் 1,000 கோடி என்றார்கள், 2024 மார்ச்சில் 4,181 கோடி என்றார்கள், பின்னர் அதற்கும் மேலே போயிற்று. அரைநூற்றாண்டாக வட சென்னையை முன்னேற்றுகிறார்கள். எங்கிருந்து முன்னேற்றுகிறார்கள் என்று கேட்காதீர்கள், பின்னால் தள்ளியவர்கள் யார் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு இரண்டு கழகங்களும் சேர்ந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவர்களுக்குள் கூட்டணி கிடையாது.

குப்பையை அகழ்ந்து எடுத்தால் நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான். சுமார் 640 கோடி ரூபாய்த் திட்டம், டன்னுக்குச் சுமார் 960 ரூபாய் கணக்கு. எடுத்த இடத்தில் பூங்கா வரும், உங்கள் வீட்டு விலை ஏறும், கடன் வாங்கியது வீண் போகாது என்று புரோக்கர் சொல்வார். அவசரப்படாதீர்கள். அதே வளாகத்தில் நாளொன்றுக்கு 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் எரியுலையைக் கொண்டுவரத் திட்டமிட்டார்கள். நிதிப் பத்திரத்துக்கு மணி அடித்த அதே 2025 மே மாதத்தில்தான் வட சென்னை மக்கள் எரியுலை வேண்டாம் என்று கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். அவர்களுக்கு யாரும் மணி அடிக்கவில்லை. மண்ணில் கிடந்த குப்பையைக் காற்றில் ஏற்றிவிட்டால் நிலம் மீண்டுவிடும், உண்மைதான். காற்றுக்குப் பட்டா கிடையாது. அது யார் மூக்குக்குள் போகிறது என்று எந்த வில்லங்கச் சான்றிலும் வராது.

கட்டம் 7: அரசு உதவி, வரிச்சலுகை

இந்தக் கட்டத்தில் நேரத்தை வீணாக்க வேண்டாம். பழைய வீடுகளைப் பழுதுபார்க்கத் தமிழ்நாடு அரசு 2024இல் சுமார் 2,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. 2.5 லட்சம் வீடுகள். எல்லாம் ஊரக வீடுகள். கொடுங்கையூர் நகரம். குப்பை கொட்டும்போது ஊருக்கு வெளியே, உதவி கேட்கும்போது நகரத்துக்கு உள்ளே.

வருமான வரி? புதிதாக வாங்கும் அல்லது கட்டும் வீட்டுக்கடன் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழித்துக்கொள்ளலாம் என்ற பழைய வரிமுறை, பழுதுபார்க்கும் கடன் என்றதும் 30,000க்கு இறங்கிவிடும். புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர் குடியிருக்கும் வீட்டுக்கு அதுவும் இல்லை. வீடு வாங்குகிறவரை நாடு தட்டிக்கொடுக்கிறது. இருக்கிற வீட்டில் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்கிறவரை ஏன் அங்கே இருக்கிறாய் என்று கேட்கிறது.

கட்டம் 8: இயற்கைச் சீற்றம்

இந்தக் கட்டத்தில் டிக் அடிக்கும் முன் யோசியுங்கள். எது இயற்கை?

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். மழை இயற்கை, ஒப்புக்கொள்வோம். அந்த வெள்ளத்தோடு சேர்ந்து மணலியின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை ஓடியதே, எர்ணாவூர் வீடுகளின் சுவரில் வெள்ளம் நின்ற உயரத்துக்குக் கருப்புக் கோடு போட்டதே, அந்த எண்ணெய் எந்த மேகத்திலிருந்து பெய்தது? சுவரைச் சுரண்டிப் பட்டி பார்த்துப் புதுப் பெயிண்ட் அடிக்க அந்த வீட்டுக்காரர் வாங்கிய கடன் தேவையில் சேருமா, ஆசையில் சேருமா? புயல் நிவாரணம் ரேஷன் கார்டுக்கு 6,000 ரூபாய் தந்தார்கள். ஒரு சுவரில் எண்ணெயைச் சுரண்டவாவது காணும்.

அதற்கு முன், 2017 நவம்பர் 1. கொடுங்கையூர் ஆர்.ஆர். நகர். மழைத்தண்ணீர் தேங்கிய தெருவில் மின்சாரம் பாய்ந்து இரண்டு சிறுமிகள் செத்தார்கள். மின்வாரிய ஊழியர்கள் சிலரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள், நிவாரணத் தொகை அறிவித்தார்கள், அடுத்த மழை வந்தது. தரையை எத்தனை அடி ஏற்றினாலும் பிள்ளைகள் அந்தத் தெருவில் இறங்கித்தான் நடக்க வேண்டும். தெருவைச் சீரமைக்கத் தனிநபர் கடன் தருகிற வங்கி இன்னும் திறக்கப்படவில்லை.

கட்டம் 9: கடன் திருப்பிச் செலுத்தத் தவறினால்

போன் வரும். பிறகு ஆள் வரும். ஆபீஸுக்கு வரும், மச்சான் வீட்டுக்கு வரும். பயப்படாதீர்கள், நாட்டில் முன்மாதிரிகள் உண்டு. 2014-15 முதல் 2023-24 வரையான பத்து நிதியாண்டுகளில் 16.35 லட்சம் கோடி ரூபாய் வாராக்கடனை வங்கிகள் கணக்கேட்டிலிருந்து நீக்கியதாக நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். இது தள்ளுபடி ஆகாது, வசூல் தொடரும் என்றும் விளக்கினார்கள். நம்புகிறோம். ஆனால் அந்தப் பெரிய மனிதர்களின் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, அக்கம்பக்கம் கேட்கிற மாதிரி “என்னா சார், எப்ப தர்றே?” என்று யாரும் கத்தியதாகச் செய்தி வரவில்லை. அந்த மரியாதை 6,980 ரூபாய்த் தவணைக்காரர்களுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

கட்டம் 10: இணை விண்ணப்பதாரர்

மனைவி பெயரையோ மகன் பெயரையோ எழுதச் சொல்வார்கள். எழுதாதீர்கள். இந்தச் சேதத்தில் மனைவிக்கு என்ன பங்கு? மகன் எந்த லாரியை ஓட்டி வந்து கொட்டினான்? அந்த இடத்தில் பெருநகர சென்னை மாநகராட்சி, ரிப்பன் மாளிகை என்று எழுதுங்கள். தெருவை உயர்த்தியவர், குப்பையைக் கொட்டியவர், வடிகாலைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போனவர், உங்களைவிட ஆறு சதவீதம் மலிவாகக் கடன் வாங்கத் தெரிந்தவர். இதைவிடத் தகுதியான இணை விண்ணப்பதாரர் கிடைப்பாரா? படிவத்தை வங்கி திருப்பித் தரும். தரட்டும். நகல் எடுத்துக்கொண்டு வார்டு அலுவலகத்துக்குப் போங்கள்.

கடைசியாக, வாங்கலாமா, வேண்டாமா? அக்டோபரில் மழை வரும். தரை தாழ்ந்து கிடக்கிற வீட்டில் குழந்தையும் கிழவியும் இருக்கும்போது வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வாங்குங்கள். குறைவாக வாங்குங்கள், குறையும் நிலுவையில் வாங்குங்கள், கிரானைட்டுக்கு வாங்காதீர்கள். ராபிஷ் லாரி முதல் மேஸ்திரி கூலிவரை ஒவ்வொரு செலவுக்கும் ரசீது வாங்கி வையுங்கள். பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: எங்கள் தெருவுக்குக் கடைசியாகத் தார் போட்டபோது பழையதைச் சுரண்டினீர்களா, எத்தனை அங்குலம், அளவுப் புத்தகத்தின் நகல் எங்கே? தெருவில் நாற்பது வீடு இருந்தால் நாற்பது மனு போடுங்கள். தரை ஏற்றிய செலவை எல்லாம் கூட்டி, வட்டியும் போட்டு, ஒரே பில்லாக எழுதுங்கள்.

அந்தக் கணக்கை எழுதிப் பார்க்கும்போதுதான் ஒன்று புரியும். இத்தனை நாள் கொடுங்கையூர் தன்னைக் கடனாளி என்று நினைத்துக்கொண்டிருந்தது. நாற்பது வருடமாக நகரத்துக்கு நிலம் கொடுத்திருக்கிறது, காற்றைக் கொடுத்திருக்கிறது, நுரையீரலைக் கொடுத்திருக்கிறது, பெண் பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பியதைப் பொறுத்திருக்கிறது. ஒரு பைசா முதலும் திரும்பவில்லை, வட்டியும் வரவில்லை. இந்தக் கணக்கில் நாம்தான் கடன் கொடுத்தவர்கள். வசூலுக்குப் போகாமல் இருந்ததுதான் நம் தப்பு.

வசூல் எப்படிச் செய்வது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, தண்டல்காரர் தினமும் வந்து பாடம் நடத்துகிறார். கவுன்சிலர் வீட்டிலும் எம்.எல்.ஏ. அலுவலகத்திலும் காலை ஏழு மணிக்குப் போங்கள். பில்லை நீட்டுங்கள். நாளைக்கு வா என்றால் சரி என்று சொல்லிவிட்டு, நாளைக்குப் போங்கள். அதற்கு மறுநாளும் போங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறபோது தவணை பாக்கி எவ்வளவு என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்லுங்கள். நூறு நாள் விடாமல் போனால் தண்டல் வசூலாகாமல் இருந்ததாகக் கொடுங்கையூர் வரலாற்றில் இல்லை.